மீட்டருக்கு அறுந்த கோடு, அயனிக்கு அறாத கோடு: ஒரு பாலிமர் பட்டையின் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் செய்த வளையும் சென்சார் பட்டை, மாசி பங்குனியில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு மழை தொடங்கியதும் கெட்டுப்போனது. கெட்டது என்றால் செத்துப்போகவில்லை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்காமலே தண்ணீர் வைத்தது போல ரீடிங் காட்டியது. ஏன் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காரணம் கடைசியில் பட்டையின் பாலிமர் ஃபிலிமைத் தனித்தனிப் பகுதிகளாகக் கோடு பிரித்த முறையில் இருந்தது, அதிலும் எல்லோரும் "சுலபம், மலிவு" என்று சொல்லிக்கொடுக்கிற முறையில். கடத்தும் பாலிமரை வைத்துப் புதிதாக வேலை தொடங்குபவர்களின் கைக்கு முதலில் எட்டுவதும் அதே முறைதான் என்பதால், நடந்ததை விட்டுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

பட்டை என்ன செய்ய வேண்டும்

இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம், கேரளத்துக்குள் இருந்துகொண்டே கேரள மழை முழுசாகக் கிடைக்காத ஊர்கள். தென்னைக்கும் காய்கறிக்கும் பாயும் தண்ணீரில் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தோட்டத்திலேயே பார்க்க வேண்டும், அதுவும் சொட்டுநீர்க் குழாயின் உள்வளைவில் ஒட்டி அப்படியே விட்டுவைக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மாணவர்களின் எண்ணம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனா கடையில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது நிற்க வேண்டும். குழாய்க்குள் வளைந்து உட்கார அதனால் முடியாது.

அவர்கள் எடுத்துக்கொண்டது கரிம மின்வேதி டிரான்சிஸ்டர். 1984இல் அமெரிக்காவில் மார்க் ரைட்டன் குழு பாலிபைரோலை வைத்து முதலில் காட்டியது. இன்று பெரும்பாலும் பெடாட்-பிஎஸ்எஸ் என்கிற கடத்தும் பாலிமர் கலவையில் செய்கிறார்கள். கரண்ட் நுழையும் வெளியேறும் முனைகளான சோர்ஸ், டிரெய்ன், நடுவில் அது ஓடும் சேனல், பக்கத்தில் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட். சேனலையும் கேட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கும். கேட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் தண்ணீரில் இருக்கும் நேர் அயனிகள் சேனலின் உடம்புக்குள்ளேயே நுழையும். நுழைந்த இடத்தில் பாலிமரின் மின்துளைகள், அதாவது கரண்டைச் சுமக்கும் நேர் மின்னூட்டங்கள், குறையும், சேனலில் ஓடும் கரண்ட் இறங்கும். ஒரு வோல்ட்டுக்குக் கீழேயே எல்லாம் முடிந்துவிடும், தண்ணீர் பிரிந்து குமிழி விடும் பயம் இல்லை.

தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் அதன் மின்தடை அதிகம், அயனிகள் சேனலுக்கு வந்து சேர நேரமாகும், கரண்ட் மெதுவாக இறங்கும். உப்பு கூடினால் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் எவ்வளவு வேகம் என்பதைத்தான் இந்தப் பட்டை அளக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சிக்கல் நேராக இந்த வேகத்தில்தான் கைவைத்தது.

இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது, சோர்ஸ், டிரெய்ன், சேனல், கேட் எல்லாமே ஒரே ஃபிலிம் என்பது. தங்கம் வேண்டாம், வெற்றிடக் கருவி வேண்டாம். 125 மைக்ரான் பாலியஸ்டர் தாளில் ஒரு பூச்சு, அதைச் சரியாகப் பிரித்துவிட்டால் டிரான்சிஸ்டர் தயார், இணைப்பு முனைகளில் மட்டும் கொஞ்சம் சில்வர் பேஸ்ட். அதனாலேயே பிரிக்கிற வேலை ஒன்றில்தான் மொத்தமும் நிற்கிறது. சேனல் அரை மில்லிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் நீளம். கேட் அதைவிடப் பத்து மடங்கு பரப்பு, அப்போதுதான் கொடுக்கிற மின்னழுத்தத்தின் பெரும்பங்கு சேனல் பக்கம் விழும். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பின்னால் எல்லாம் நடந்தது.

பொருள்

பாலிஅசிட்டிலீன் என்கிற பிளாஸ்டிக்கை உலோகம் போலக் கடத்த வைக்கலாம் என்று 1977இல் ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் காட்டினார்கள், 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்தப் பொருள் காற்றுப்பட்டால் கெட்டுப்போகும். நாம் இன்று கையில் வைத்து வேலை செய்கிற பெடாட், 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் வந்தது. தனியாக இருந்தால் எதிலும் கரையாது, அதனால் பாலிஸ்டைரீன் சல்ஃபோனிக் அமிலத்தோடு, அதாவது பிஎஸ்எஸ்ஸோடு சேர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். ஃபோட்டோ ஃபிலிமில் நிலைமின்சாரம் சேராமல் இருக்க அக்ஃபா இதைப் பூசியது. நீலக் கரும்பச்சையாக, மை போல ஒரு திரவம், நல்ல புளிப்பு அமிலம், பிஎச் 2 பக்கம்.

பாட்டிலில் வருவதில் திடப்பொருள் ஒரு சதவீதம் சொச்சம்தான். கடத்துதிறன் அதிகமாக வேண்டும் என்பவர்கள் வாங்கும் பிஎச் 1000 ரகத்தில், எடையில் ஒரு பங்கு பெடாட்டுக்கு இரண்டரைப் பங்கு பிஎஸ்எஸ். அப்படியே பூசினால் செ.மீ.க்கு 1 சீமென்ஸ்கூட வராது. ஐந்து சதவீதம் டிஎம்எஸ்ஓ என்கிற கரைப்பானோ எத்திலீன் கிளைக்காலோ கலந்து காயவைத்தால் பல நூறு சீமென்ஸ் வரும். அதாவது கடத்துகிற பெடாட்டைவிடக் கடத்தாத பிஎஸ்எஸ்தான் ஃபிலிமில் அதிகம். இந்த பிஎஸ்எஸ் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் ஏறியதும் தன் சல்ஃபோனேட் குழுக்களில் தொங்கும் நேர் அயனிகளை நகரவிடும். பெடாட் மின்துளைகளைக் கடத்துகிறது, பிஎஸ்எஸ் அயனிகளைக் கடத்துகிறது, இரண்டும் ஒரே ஃபிலிமில் பின்னிக் கிடக்கின்றன. மின்வேதி டிரான்சிஸ்டர் வேலை செய்வதே இந்த இரட்டைத் தன்மையால்தான்.

தண்ணீரில் நனையும் சாதனம் என்பதால் காப்ஸ் என்கிற எப்பாக்ஸி சிலேன் ஒரு சதவீதம் சேர்க்கிறார்கள். சூட்டில் அது வலை போலப் பிணைந்து ஃபிலிமைத் தண்ணீரில் கரையாமல் பிடித்துக்கொள்ளும். கடத்துதிறன் கொஞ்சம் குறையும், அது கொடுக்க வேண்டிய விலை. கம்பிச் சுருள் சுற்றிய கோலால் 20 மைக்ரான் ஈரப்படலம் இழுத்தால் காய்ந்தபின் 200 நானோமீட்டர் பக்கம் நிற்கும். கடத்துதிறன் செ.மீ.க்கு 300 சீமென்ஸ் என்று வைத்தால் சதுரத்துக்கு, அதாவது நீளமும் அகலமும் சமமான ஒரு துண்டுக்கு, சுமார் 170 ஓம். சேனல் நான்கு சதுரம், ஆக 700 ஓம் பக்கம். சாதாரண சர்க்கியூட்டுக்கு இது தாராளமாகப் போதும்.

ஏன் பிளீச்சிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்

சிலிக்கானில் பழகியவர்கள் உடனே ஃபோட்டோரெசிஸ்ட் என்பார்கள், ஒளி காட்டி டெவலப்பரில் கழுவி வடிவம் எடுக்கும் பூச்சு அது. இந்தப் பொருளோடு அது நேராகப் பொருந்தாது. டெவலப்பர் தண்ணீரில் கரைத்த காரம், பெடாட்-பிஎஸ்எஸ் ஃபிலிமோ அமிலம். காரம் பட்டால் கடத்துதிறன் அடிவாங்கும், பிணைப்பு சரியாக ஏறாத ஃபிலிம் தண்ணீரிலேயே எழும்பிப் போகும், ஃபிலிமின் அமிலம் ரெசிஸ்ட்டையும் கெடுக்கும். இதற்கு வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்னெலில் மல்லியரஸ் குழு 2006இல், மேலே பேரிலீன் என்கிற பிளாஸ்டிக் படலம் ஏற்றி, ஆக்சிஜன் பிளாஸ்மாவால் வெட்டி, கடைசியில் உரித்தெடுக்கும் முறையைக் காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் ஃபுளோரின் கரைப்பானில் மட்டும் கரையும் தனி ரெசிஸ்ட்டுகளும் வந்தன. இரண்டும் அருமையான முறைகள், மைக்ரான் அளவில் துல்லியம் வரும். ஆனால் பேரிலீன் ஏற்றும் கருவியோ பிளாஸ்மா அறையோ எல்லைப் பக்கத்துக் கல்லூரியில் எங்கே இருக்கிறது?

அடுத்து ஸ்கிரீன் பிரிண்டிங். இது நம் பகுதிக்குச் சொந்த வித்தை மாதிரி. கோயம்புத்தூரில் கல்யாணப் பத்திரிகை, திருப்பூரில் பனியன், எங்கு பார்த்தாலும் ஃபிரேமும் ஸ்க்வீஜியும்தான். ஆனால் பாட்டிலில் வரும் பாலிமர் தண்ணியாக இருக்கும், வலைக்கண் வழியே ஒழுகும். அச்சுக்கென்றே கெட்டியாக்கிய பேஸ்ட் தனியாக விற்கிறார்கள், விலை அதிகம், வரவழைக்கும் செலவும் சேரும்.

அப்புறம் இருக்கிறது ஹைப்போகுளோரைட். கழுவப் பயன்படுத்தும் அதே பிளீச்சிங் திரவம். பெடாட்டின் மேல் பட்டால் அதை அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் செய்து, சங்கிலியில் தொடர்ந்து ஓடும் இரட்டைப் பிணைப்பு வரிசையை உடைத்துவிடும். நீலம் வெளிறும், அந்த இடத்தில் மின்கடத்தல் போய்விடும், ஃபிலிம் மட்டும் அங்கேயே இருக்கும். மேடு பள்ளம் வராது, வெட்டிய கோடு கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. டச் பேனல் செய்பவர்களுக்கு இது வரம், ஏனென்றால் கண்ணாடியில் கோடு தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. தொழில்முறையிலும் இந்த வழி பயன்படுகிறது.

பிளீச்சிங்கையே பேஸ்ட்டாக்கி ஃபிரேம் வழியாகப் பூசலாமா என்று மாணவர்கள் கோயம்புத்தூரில் பத்திரிகை அடிக்கும் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர், "ஏனுங்க தம்பி, பழைய ஃபிரேம்ல எமல்ஷனக் கழுவி எடுக்கறதே பிளீச்சிங்லதானுங்களே, அதையே மேல பூசுனா ஃபிரேம் எத்தன இழுப்புக்குத் தாங்கும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. அதனால் திருப்பிச் செய்தார்கள். மிஞ்ச வேண்டிய இடங்களின் மேல் பிவிசி இங்க் அடித்து மூடிவிட்டு, பட்டையை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் முக்கி, கழுவி, பிறகு இங்க்கைக் கரைப்பானால் துடைத்தெடுத்தார்கள். இங்க்கைக் கரைக்கும் கரைப்பான் இந்தப் பாலிமரைக் கரைக்காது என்பதால் அந்தப் பகுதி சுத்தமாக முடிந்தது. மல்டிமீட்டரை இடைவெளியின் இருபுறமும் வைத்தார்கள். திறந்த சுற்று என்று காட்டியது. கோடு பிரிந்தது என்று குறித்துக்கொண்டார்கள், குறித்தது தப்பும் இல்லை, அந்த மீட்டருக்குத் தெரிந்த அளவில்.

கெட்டது எப்படி

கார்த்திகையிலிருந்து மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற கிழக்குக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும் வறட்டுக் காற்று. பட்டைகள் பிறந்து வளர்ந்தது அந்தப் பருவத்தின் முடிவிலும் அதைத் தொடர்ந்த வெயிலிலும். எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்ததும் காற்று திசை மாறிற்று. மேற்கிலிருந்து கணவாய்க்குள் புகுந்த ஈரக் காற்று, மழை சரியாகப் பெய்யாத கொழிஞ்சாம்பாறையிலும் துணியைக் காயவிடாது.

அப்போதுதான் இது தெரிந்தது. கேட்டுக்கு 0.6 வோல்ட் கொடுத்தால், மேலே தண்ணீர் இல்லாதபோது சேனல் கரண்ட் அசையாமல் நேர்கோடாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. மெதுவாக, பல நொடிகளில் சரிந்தது. கேட்டை அணைத்தால் அதே மெதுவில் ஏறியது. தண்ணீர் வைத்து அளந்தாலும் இறக்கத்தின் வேகம் குழம்பியது, குறிப்பாக உப்பு குறைந்த தண்ணீரில். நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் வித்தியாசமே சுருங்கிவிட்டது.

சந்தேகங்கள் வரிசையாக வந்தன. பவர் சப்ளை என்றார்கள், மாற்றினார்கள், அதேதான். சில்வர் பேஸ்ட் என்றார்கள், கேட்டை இணைக்காமல் விட்டபோது சேனல் கரண்ட் ஆடாமல் நின்றதால் அதுவும் இல்லை. ஃபிலிம் பழசாகிவிட்டது என்பது பலமான கட்சி. பெடாட்-பிஎஸ்எஸ் ஈரத்தில் வீங்கிக் கடத்துதிறன் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அப்படிக் குறைவது கேட்டைப் போட்டால் இறங்கி அணைத்தால் ஏறாது. அன்றே புதிதாகச் செய்த பட்டையும் இதே ஆட்டம் ஆடியதும் அந்தக் கட்சி அடங்கியது.

முடிச்சின் நுனி ஒரு மாணவி கண்ணில் பட்டது. ரீடிங் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சார், நான் குனிஞ்சு பாத்தா கரண்ட் எறங்குது சார்" என்றார். "திரும்ப ஒருக்கா குனிஞ்சு பாரும்மா" என்றேன். இறங்கியது. மூச்சுக்காற்றின் ஈரம்தான். ஹேர் டிரையரால் பட்டையைச் சூடாக்கினால் கோடு நேராகிவிட்டது, ஆறவிட்டால் மறுபடி சரிவு. ஆக ஈரம் என்பது உறுதி. ஆனால் ஈரம் எங்கே? சேனலிலா, தாளின் மேற்பரப்பிலா, இல்லை அந்த வெளிறிய இடைவெளியிலா?

பாட்டிலில் இரண்டு பருவம்

இதைப் பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த ஈரப்பத அறை தேவையில்லை. மூடி இறுகும் ஒரு பாட்டிலின் அடியில் கரையாத உப்பு கொஞ்சம் மிஞ்சும்படி சமையல் உப்புக் கரைசலை வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் தானே நிற்கும். மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 33 சதவீதம். அறைச் சூட்டில் இந்த எண்கள் பெரிதாக மாறாது, பல காலமாகக் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படும் முறை. ஒன்று எடவப்பாதி, ஒன்று மாசி என்று வைத்துக்கொண்டோம். பட்டைகளை இரவு முழுக்க உள்ளே தொங்கவிட்டு, ஒயரை மூடி வழியாக வெளியே எடுத்து, பாட்டிலுக்குள் இருக்கும்போதே அளந்தோம்.

33 பாட்டிலில் கரண்ட் கோடு நேர். 75 பாட்டிலில் சரிவு. அப்புறம் கேட்டுக்கும் சேனலுக்கும் நடுவே, மாறுமின்சாரத்துக்கு வரும் தடையை (மின்மறுப்பை) அளக்கும் எல்சிஆர் மீட்டரை வைத்தோம். ஈரப் பாட்டிலில் மின்மறுப்பு பெருமளவு கீழே வந்திருந்தது. மல்டிமீட்டரோ இப்போதும் கடைசியில் திறந்த சுற்று என்றுதான் சொன்னது. "கடைசியில்" என்பதைக் கவனியுங்கள். முனையை வைத்த கணத்தில் ஒரு எண் தோன்றி, ஏறி, ஏறி, அப்புறம்தான் திறந்த சுற்றுக்குப் போனது. அயனிகள் நகர்ந்து இரண்டு பக்கப் பெடாட்டிலும் மின்னூட்டம் சேர்ந்து முடிகிற வரை கரண்ட் ஓடும், சேர்ந்து முடிந்ததும் நேர்மின்சாரத்துக்கு வழி அடைத்துவிடும். ஓட்டம் ஓய்ந்த பிறகு காட்டும் எண்ணை மட்டும் எழுதினால் அங்கே எதுவுமே கடக்கவில்லை என்று தோன்றும். அந்த ஓய்வதற்கு முந்தைய ஓட்டமோ டிரான்சிஸ்டரை அணைக்கப் போதுமானது.

கடைசிச் சந்தேகம் தாளின் மேற்பரப்பில் படியும் ஈரம். இதற்கு ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பட்டைகளை எடுத்தோம். ஒன்றின் வெளிறிய இடைவெளியைப் பிளேடால் பாலியஸ்டர் தெரியும் வரை கீறி, தூசியை ஊதிவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டு, இரண்டையும் ஒன்றாக 75 பாட்டிலில் போட்டோம். கீறியதில் கோடு நேராக நின்றது. கீறாதது சரிந்தது. மேற்பரப்பு ஈரம் காரணமாக இருந்தால் இரண்டும் சரிந்திருக்க வேண்டும்.

வேலி ஆட்டை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது; பிளீச்சிங் போட்ட வேலி அப்படிப்பட்டது. மின்துளைகள் ஓடும் பெடாட்டைக் கொன்றுவிட்டது, அயனி ஓடும் பிஎஸ்எஸ்ஸை அப்படியே விட்டுவிட்டது. அதுமட்டும் இல்லை, ஹைப்போகுளோரைட் சோடியம் உப்பு, கூடவே காரம். கழுவிய பிறகும் பிஎஸ்எஸ்ஸின் அமில இடங்களில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அயனி நீக்கிய தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்தபோது சரிவு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. உதிரியாக மாட்டிய உப்பு கழுவினால் போகும். சங்கிலியோடு பிணைந்த சல்ஃபோனேட் எங்கும் போகாது, தனக்கு ஒரு நேர் அயனியைப் பிடித்து வைத்துக்கொண்டேதான் இருக்கும்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறொன்று. சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர்க்ரன் குழு 2007இல் அயனிப் பம்ப் ஒன்றை வெளியிட்டது. நரம்பு செல்கள் பக்கத்தில் வேண்டிய அயனியை வேண்டிய நேரத்தில் கொண்டுபோய் விடுகிற சாதனம். அதில் அயனிகள் போகும் பாதை எதனால் ஆனது தெரியுமா? அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் செய்த பெடாட்-பிஎஸ்எஸ். மின்கடத்தலைக் கொன்று அயனிக் கடத்தலை மட்டும் மிச்சம் வைக்கத் தெரிந்தே அப்படிச் செய்தார்கள். அதாவது ஒரு துறையில் அயனிக்கு ராஜபாட்டையாகப் போடுகிற அதே பொருளைத்தான் இங்கே அயனி கடக்கக்கூடாத இடத்தில் போட்டிருந்தார்கள். செய்முறைக் குறிப்புகளில் ஹைப்போகுளோரைட் முறையைச் சொல்லும்போது "கடத்தாததாக மாறும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவதை நிறுத்த வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். எதைக் கடத்தாததாக என்று சேர்த்து எழுதினால் பாதி ஆய்வகங்களின் பல வாரம் மிச்சமாகும். உலர்ந்து மூடிக் கிடக்கும் டச் பேனலுக்கு இது பிரச்சினையே இல்லை. ஈரத்தில் வாழப்போகும் எந்தச் சாதனத்துக்கும், தோலில் ஒட்டும் ஈசிஜி மின்முனை வரிசை உட்பட, இது பிரச்சினைதான்.

மாற்றியது

ஆக, இடைவெளியில் ஃபிலிம் இருக்கவே கூடாது. பிளேடால் கீறுவது சோதனைக்குச் சரி, எல்லாப் பட்டைக்கும் கையால் கீற முடியாது, பாலியஸ்டரில் விழும் கீறல் வளைக்கும்போது மடிப்புக் கோடாகவும் மாறும். லேசர் வெட்டு நல்ல வழி. ஆனால் பெரும்பாலான கடைகளில் இருப்பது கரியமில வாயு லேசர், அதன் அலைநீளத்தைப் பாலியஸ்டரே உறிஞ்சிக்கொள்ளும், மேல் பூச்சை மட்டும் சீவிவிட்டுத் தாளை விட்டுவைப்பது கடினம்.

விடை பத்திரிகை அடிப்பவரின் ஃபிரேமிலேயே இருந்தது, படத்தைத் தலைகீழாக்க வேண்டியதுதான். முன்பு மிஞ்ச வேண்டிய இடத்தில் இங்க் அடித்தார்கள். இப்போது ஃபிலிம் இருக்கக்கூடாத இடத்தில், அதாவது இடைவெளியில், வெறும் பாலியஸ்டரின் மேல் முதலில் இங்க் அடிக்கிறார்கள். அதன் மேல் பாலிமரை இழுக்கிறார்கள். இங்க் பல மைக்ரான் உயரம், ஃபிலிம் 0.2 மைக்ரான். தண்ணீரில் ஆன பாலிமர் பிவிசி இங்க்கின் மேல் ஒட்ட விரும்பாமல் தானே விலகியும் ஓடும். காய்ந்ததும் கரைப்பானில் முக்கி மெல்ல ஆட்டினால் இங்க் கரைந்து, மேலே இருந்த துணுக்குகளையும் தூக்கிக்கொண்டு போகும். இடைவெளியில் வெறும் பாலியஸ்டர்.

எளிதாகத் தெரிந்தாலும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. பூசியவுடன் காப்ஸ் பிணைய வேண்டிய சூட்டில் வைத்தால் இங்க்கும் சேர்ந்து இறுகி, கரைய மறுத்துத் தோல் தோலாக வரும். அதனால் முதலில் 60, 70 டிகிரியில் ஈரம் போகிற அளவுக்கு மட்டும் காயவைக்க வேண்டும். இந்த நிலையில் ஃபிலிமுக்குத் தண்ணீர்தான் எதிரி, கரைப்பான் எதிரி இல்லை, ஆகவே தைரியமாக இங்க்கை எடுக்கலாம். எடுத்து முடித்த பிறகுதான் 120 டிகிரியில் நெடுநேரம் வைத்து காப்ஸைப் பிணையவிடுவது. கண்ணாடியின் மேல் என்றால் 140 டிகிரி வரை போகலாம், பாலியஸ்டர் அந்தச் சூட்டில் சுருங்கிச் சுருளும். 120க்கும் சுருங்கும், அதனால் அச்சடிக்கும் முன்பே வெறும் தாளை ஒருமுறை சூட்டில் போட்டு அதன் சுருக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். கரைப்பான் வேலையை ஜன்னல் ஓரத்தில், காற்றோட்டத்தில், கையுறையோடு செய்ய வேண்டும், இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

விளிம்பு விஷயத்தில் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள். இங்க்கின் சுவர் மேல் ஏறிய பாலிமர், இங்க் போன பிறகு காது மாதிரி எழும்பி நிற்கும், அது ஒடிந்து இடைவெளியில் விழுந்தால் திரும்பவும் பாலம் போட்டுவிடும். பாலிமரில், அதைப் பரவ வைக்கும் சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட் அதிகமாக இருந்தால் இது கூடும், குறைத்தால் பாலியஸ்டரிலேயே பாலிமர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பாலியஸ்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சர்ஃபாக்டன்ட்டைப் பரவுகிற அளவின் கீழ்எல்லையில் வைத்து, கடைசிக் கழுவலில் பஞ்சால் லேசாகத் தடவியதும் தணிந்தது. ஃபிரேம் வலையும் முக்கியம். பனியனுக்கு அடிக்கும் பெரிய கண் வலை இதற்கு ஆகாது, செ.மீ.க்கு 120 இழை உள்ள வலையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி அழகாக வருகிறது, கால் மில்லிமீட்டரும் வரும். 100 மைக்ரானுக்குக் கீழே இந்த வழியில் போக நினைக்க வேண்டாம்.

வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. 125 மைக்ரான் தாளை 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் மேற்பரப்பில் இழுவிசைத் திரிபு 0.6 சதவீதம் பக்கம். தாளின் தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் கணக்குதான். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) போன்ற கடின ஆக்சைடு பூச்சுகள் ஒன்றிரண்டு சதவீதத்தில் வெடிக்கத் தொடங்கும், பெடாட்-பிஎஸ்எஸ்ஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வளைக்கும்போது உடைவது எப்போதும் சில்வர் பேஸ்ட்டும் ஃபிலிமும் சேரும் முனைதான், அதைக் குழாயின் நேரான பக்கம் வரும்படி வைத்துவிட்டார்கள்.

இப்போது இருக்கும் நிலை

புதிய பட்டைகள் 75 பாட்டிலில் இரவு முழுக்கக் கிடந்த பின்னும், தண்ணீர் வைக்காமல் கேட்டை மட்டும் போட்டபோது அசையவில்லை. போர்வெல் தண்ணீர், மழைத் தண்ணீர், இரண்டையும் கலந்தது என்று வைத்தபோது இறக்கத்தின் வேகம் வரிசையாகப் பிரிந்து வந்தது. தோட்டக்காரர் ஒருவர், "இது ஃப்ளோரைடு காட்டுமா?" என்று கேட்டார். கிழக்குப் பாலக்காட்டுக்கு நியாயமான கேள்வி, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கும் பகுதி இது. காட்டாது. இந்த சேனலுக்குள் நுழைவது நேர் அயனிகள், அதிலும் எது சோடியம் எது கால்சியம் என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பார்க்க நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். பட்டையைக் குடிநீருக்கு வைக்கவே கூடாது என்று அவர்களிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு புதுத் தாளிலும் ஓரத்தில் ஒரு வெறும் இடைவெளி மாதிரியை இப்போது சேர்த்தே அச்சடிக்கிறார்கள். சாதனம் எதையும் தொடும் முன் அந்த ஓரத்தை வெட்டி உப்புப் பாட்டிலில் போட்டு, மறுநாள் எல்சிஆர் மீட்டரில் குறைந்த அதிர்வெண்ணில் பார்க்கிறார்கள். மல்டிமீட்டரில் பார்ப்பதானால் முனை வைத்த முதல் சில நொடிகளின் எண்ணையும் எழுத வேண்டும் என்பது ஆய்வகக் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. மிச்சம் இருக்கும் வேலை சில்வர் பேஸ்ட் முனைகளைத் தண்ணீர் புகாமல் மூடுவது. எப்பாக்ஸி போட்டால் வளைவில் விரிசல் விடுகிறது, சிலிகான் ஒட்டிக்கொள்ள மறுக்கிறது, அடுத்ததாக சூட்டில் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிமைப் பார்க்கப்போகிறார்கள்.